ஊரில் இல்லாத நகரச் செயலாளர்

ஜூலை 1, திங்கள்

சென்னியப்பனுக்கான அழைப்பாணை மூன்றாம் தடவையாக என் கைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நாசர் அதை மேசையில் வைத்துவிட்டு, முன்சீப் அம்மா என் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதாகச் சொன்னார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். இந்த முறையும் ஆள் இல்லை என்று திரும்பி வந்தால் என்னைக் கூண்டில் ஏற்றி, உறுதிமொழி வாங்கி, அம்மாவே விசாரிப்பாராம். இருபத்தாறு வருட சர்வீசில் எத்தனையோ பேரைக் கூண்டுக்கு வரவழைத்திருக்கிறேன். நான் ஏறியதில்லை.

என் பெயர் அர்த்தநாரி. வேலை, முதுநிலை கட்டளைப் பணியாளர். ஊர் வாயில் அமீனா. கோர்ட்டுத் தாளைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சென்னியப்பன் ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர். கோர்ட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதற்குள் அவர் படம் பதினெட்டு இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஜூன் 10, ஜூன் 24 இரண்டு தேதியிலும் "பிரதிவாதி ஊரில் இல்லை, எப்போது வருவார் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை" என்று அறிக்கை எழுதியிருக்கிறேன். இல்லாதவரை நான் என்ன செய்ய முடியும்.

அலுவலக டைரியில் போன இடமும் நேரமும்தான் எழுதலாம். மற்றதெல்லாம் இதில் எழுதுகிறேன். இந்த டைரியும் அவர் கட்சி புத்தாண்டுக்குக் கொடுத்ததுதான். மச்சினன் மூலமாக வந்தது, நானாகப் போய் வாங்கவில்லை. முதல் பக்கத்தில் சென்னியப்பன் கும்பிட்டபடி நிற்கிறார். இங்கேயாவது கிடைக்கிறார்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

காலை பத்தரைக்குச் சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று கார், ஏழெட்டு ஜோடி செருப்பு. அவருடைய உதவியாளர் தனபால் ஓடி வந்து நாற்காலி போட்டார். இந்தத் தனபாலைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அண்ணன் ஊரில் இல்லை என்பதைக்கூட என் மனசு புண்படாமல் சொன்னார். காப்பி வந்தது.

உள்ளே ஒருவர் போனில் தாசில்தாரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் பஸ் ஸ்டாண்டு மேடையில் கேட்ட அதே குரல். அது யார் என்று கேட்டேன். டி.வி. என்றார் தனபால். கொஞ்ச நேரத்தில் டி.வி. இருமியது. யாரோ அதற்கு வெந்நீர் கொண்டுபோனார்கள்.

குரலுக்கு அழைப்பாணை கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. காப்பி நன்றாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

வழக்குப் போட்ட தெய்வானையின் மாவு மில்லுக்குப் போனேன். பிரதிவாதியின் வீட்டை அடையாளம் காட்ட வாதி கூட வர வேண்டும் என்பது நடைமுறை. அந்த வீட்டை அடையாளம் காட்டத் தேவையில்லைதான், ஆனால் நடைமுறை நடைமுறை.

மில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு மில் கண்ணில் படாது. போன வருடம் ஏப்ரலில் அதன் வாசலை ஒட்டி ரோட்டோரத்தில் ஆளுங்கட்சி ஒரு நீர்மோர்ப் பந்தல் போட்டது. நாலு மூங்கில், ஒரு கீற்று, இரண்டு பானை. நானும் அங்கே மோர் குடித்திருக்கிறேன். கோடை போனது, பந்தல் போகவில்லை. மழை வருகிறதென்று கீற்று தகரமாயிற்று. காற்று அடிக்கிறதென்று மூங்கில் செங்கல்லாயிற்று. பிறகு கதவு, கரண்டு, கட்சிப் படிப்பகம் என்று போர்டு. அங்கே நான் ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை, கேரம் போர்டு நன்றாக நடக்கிறது. மில்லுக்குள் போக மிச்சம் இருப்பது ஒன்றேகால் அடிச் சந்து. பெண்கள் தலையில் டின்னோடு பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போகிறார்கள். கொஞ்சம் சதைப்பிடிப்பானவர்கள் பக்கத்து ஊர் மில்லுக்குப் போய்விட்டார்கள். நான் வெளியே நின்றே பேசினேன்.

தெய்வானைக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். புருவம் வரை மாவு. நகராட்சிக்கு ஏழு மனு, போலீசுக்கு நாலு மனு, பிறகுதான் கோர்ட்டு. தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்கும் ஒன்றரை மாதம்தான் மில்லுக்கு உயிர். அதற்குள் வாசல் திறக்கவில்லை என்றால் மில்லை மூடிவிட வேண்டியதுதான் என்று சொன்னார். அழவில்லை. சட்டத்துக்கு அடங்காத கும்பலை ஓட்டுப் போட்டு உட்கார வைத்தது தானும்தான் என்று தன்னையும் சேர்த்துத் திட்டினார்.

பிறகு என்னைப் பார்த்து, "போன ரெண்டு வாட்டியும் நீங்க எத்தன மணிக்குப் போனீங்க?" என்று கேட்டார். பத்தரை என்றேன்.

"பத்தரைக்குங்களா" என்றார். வெயில் அதிகமாக இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 6, சனி

சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் பிடிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஆள் அகப்படாவிட்டால் அழைப்பாணையை வீட்டுக் கதவில் ஒட்டலாம். அதற்கு அக்கம்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். சென்னியப்பன் வீட்டுக்கு நேர் எதிரே பேக்கரி. வேலை கிடக்கட்டும் என்று அங்கே எப்போதும் நாலு பேர் டீக்ளாசோடு அரசாங்கத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார்கள். இன்றும் மேய்ந்தார்கள். மணல், ரோடு, ரேஷன் பருப்பு, போலீஸ் ஸ்டேஷனில் கட்சிக்காரன் நாற்காலி போட்டு உட்காருவது, ஒன்றையும் விடவில்லை. போன ஆட்சி மட்டும் என்ன வாழ்ந்தது என்று ஒருவர் கேட்டார், அதையும் பிரித்து மேய்ந்தார்கள். நான் சாட்சிப் படிவத்தை எடுத்ததும் ஒருவருக்கு பஸ் வந்துவிட்டது. ஒருவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம், ரிட்டயர்டு வாத்தியார் அவர். பேக்கரிக்காரர், "அந்த ஊட்டை நான் பாத்ததே இல்லீங்ணா" என்றார். அவர் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வீட்டுச் சமையல்கட்டு தெரியும்.

சாட்சி இல்லாமலே ஒட்டினேன். என் பசை சரியில்லை என்று தனபால் உள்ளேயிருந்து நல்ல பசை கொண்டுவந்து கொடுத்தார். ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததை அவரே நீவிவிட்டார். நான் சாலையைக் கடந்து திரும்பிப் பார்ப்பதற்குள் சென்னியப்பனின் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டும் கோஷ்டி வந்து, மதில், கேட், கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டது. "சட்டம் காக்கும் சிங்கமே" என்று போட்டிருந்தார்கள். சிங்கத்தின் தாடைக்கு அடியில் எங்கேயோ என் அழைப்பாணை இருக்கிறது. நல்லவேளை, அது நகல்தான்.

எனக்குக் கோபம் வராது. ஆனால் வீட்டில் ரெகுலேட்டரை மாட்டும்போது அது உடைந்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

பிறந்தநாளை முன்னிட்டுக் கட்சியின் பைக் ஊர்வலம். இருநூறு வண்டி, ஒவ்வொன்றிலும் மூன்று பேர், தலைக்கவசம் ஒருவர் தலையிலும் இல்லை. முன்னால் போலீஸ் ஜீப் வழி ஏற்படுத்திக்கொண்டு போனது. ரவுண்டானாவில் ஊர்வலத்துக்காக என்னை ஓரமாக நிறுத்தினார்கள். நின்ற நேரத்தில் என் தலைக்கவசத்தின் வார் மாட்டப்படவில்லை என்று கண்டுபிடித்து அபராதம் போட்டார்கள். நான் நீதிமன்ற ஊழியர் என்றேன். அப்படியென்றால் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமே என்றார் அந்த ஏட்டு.

கோர்ட்டுச் சுற்றுச்சுவரிலும் சிங்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். முன்சீப் அம்மா வாட்ச்மேனை விட்டுச் சுரண்டச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டு வருவதற்குள் புதிதாக ஒட்டியிருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

வாய்தா 29ஆம் தேதி. இன்றும் போனேன், இன்றும் காப்பி. டி.வி. நிறுத்தியிருந்தார்கள்.

என் மனைவி சுலோச்சனா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "ஊருக்கே கெடைக்கற மனுசன் உங்களுக்கு மட்டும் கெடைக்க மாட்டேங்கறாரா? கையில தாளோட போனா எப்படிங்க கெடைப்பாரு. சால்வையோட போங்க" என்றாள். வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் பிறந்தநாள் விழா. சால்வையோடு வரும் யாரையும் யாரும் தடுக்கமாட்டார்கள் என்பது அவள் வாதம்.

அரசு ஊழியன் அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று சொன்னேன். பீரோவில் மச்சினன் கல்யாணத்துக்கு வந்த சால்வை ஒன்று பிரிக்காமல் இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

கொடுத்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மண்டபத்தில் சால்வை வரிசை வாசல் வரை நின்றது. சுலோச்சனா சொன்னபடியே யாரும் தடுக்கவில்லை. ஒரே ஒரு பிசகு. மேடை ஓரத்தில் மைக்கோடு நின்றவர் ஒவ்வொருவரிடமும் பெயரும் விவரமும் கேட்டு முழங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டபோது சட்டென்று பொய் வரவில்லை. அர்த்தநாரி, கோர்ட்டு என்றேன். "அடுத்ததாக, நீதித்துறையின் சார்பில் அண்ணன் அர்த்தநாரி அவர்கள் பொன்னாடை அணிவிக்கிறார்" என்று மண்டபமே அதிர்ந்தது. கைதட்டினார்கள். எனக்கு முன்னால் காவல்துறைக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மனுவும் வைத்திருந்தார்கள். பட்டா, பென்ஷன், தெருவிளக்கு. ஒவ்வொரு மனுவும் இரண்டு பிரதி. சென்னியப்பன் எதையும் படிப்பதில்லை. மேல் பிரதியின் ஓரத்தில் பச்சை மையில் நாலு வார்த்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தவரிடமே திருப்பித் தருகிறார். அடிப் பிரதி தனபாலிடம் போகிறது. பச்சை மையில் எழுத அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை, கேட்பவரும் இல்லை. அழைப்பாணைக்கும் இரண்டு பிரதிதான். ஒன்று அவருக்கு, கையெழுத்தோடு ஒன்று எனக்கு. கோர்ட்டும் கட்சியும் ஒரே முறையில் வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

சால்வையைப் போர்த்தினேன். "கோர்ட்டு அழைப்பாணைங்க. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று தெளிவாகச் சொல்லி நீட்டினேன். அப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மைக்கில் அடுத்த பெயர் முழங்கியது, அவர் காதில் விழுந்ததோ என்னவோ. இரண்டு கையாலும் வாங்கி, காமிராவைப் பார்த்துச் சிரித்தார். மேல் பிரதியில் "உடன் ஆவன செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் தோளைத் தட்டிக் கவலைப்பட வேண்டாம் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் தனியாக நின்று சிரித்தேன். பிரியாணி டோக்கன் கொடுத்தார்கள். வாங்கவில்லை. நல்ல பசி.

ஜூலை 19, வெள்ளி

நாசர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டைப்பிஸ்ட் அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார். பதினொரு மணி வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குக் கட்சிப் பத்திரிகை வந்தது. ஐந்தாம் பக்கத்தில் நான், பல்லெல்லாம் தெரிய, சென்னியப்பனுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருக்கிறேன். "நகரச் செயலாளருக்கு நீதித்துறை வாழ்த்து" என்று தலைப்பு. பிரதிவாதிக்குப் பொன்னாடை போர்த்தியது ஏன் என்று வாய்தா நாளுக்குள் விளக்கம் தரும்படி முன்சீப் அம்மாவிடமிருந்து மெமோ. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஆவன செய்யவும் என்று எழுதவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

தனபால் வீட்டுக்கு வந்தார். கையில் ஜாங்கிரி. சுலோச்சனாவை அக்கா என்றார், செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். அண்ணன் அதை மனு என்று நினைத்துத்தான் எழுதிவிட்டாராம். அடிப் பிரதியைப் படித்த பிறகு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். அதனால் நான் ஒரு சின்ன அறிக்கை எழுதித் தர வேண்டுமாம். விழாக் கூட்டத்தில் முறைப்படி கொடுக்க முடியவில்லை, கையெழுத்து தவறுதலாக வந்தது என்று. எழுதினால் மெமோவைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம். எழுதாவிட்டாலும் அண்ணனுக்கு என் மேல் வருத்தம் கிடையாது, மலைப்பக்கம் ஒரு கோர்ட்டில் ஆள் பற்றாக்குறை என்று மட்டும் கேள்விப்பட்டாராம். நான் நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதாகவும் சொன்னார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் மிரட்டியதில்லை.

பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "போகாமயே ரெண்டு வாட்டி எழுதுனீங்க. போனதுக்கப்பறம் ஒண்ணு எழுதறதுக்கு என்னங்ணா? அன்னைக்குப் பேக்கரியில நாந்தானுங்களே பப்ஸ் வாங்கிக் குடுத்தேன்."

சுலோச்சனா ஜாங்கிரிப் பொட்டலத்தைக் கட்டிலிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

ஜூலை 24, புதன்

இன்று எழுத நேரமில்லை.

ஜூலை 25, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஜூன் 10 காலை நான் சாலையைக் கடந்தால் அந்த வீடு என்கிற வரை போனேன். வாசலில் கார்களும் கரைவேட்டிகளும் நின்றன. பேக்கரியில் உட்கார்ந்தேன். முன்பு இருந்த கட்டளைப் பணியாளர் இதே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து நாலு மாவட்டம் தாண்டித் தூக்கியடிக்கப்பட்டது நினைவுக்கு வந்தது. தனபால் வந்து தோளில் கை போட்டார். ஊரில் இல்லை என்று எழுதினேன். எழுதுவது சுலபமாக இருந்தது, அதனால் ஜூன் 24 அன்று வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேராகப் பேக்கரிக்கே போனேன். இது பயமா, சோம்பலா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பயம்தான். இரண்டாவது தடவை சோம்பல்.

தெய்வானைக்கு இதில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

ஜூலை 29, திங்கள்

கோர்ட்டு நிறையக் கூட்டம். கடைசி பெஞ்சில் தெய்வானை, முகம் கழுவி வந்திருந்தார், காதோரத்தில் மட்டும் மாவு.

கட்சி வக்கீல் எழுந்தார். பிறந்தநாள் கூட்டத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்றார். அதைவிட முக்கியம், இந்த அமீனா நம்பத் தகுந்தவரே அல்ல என்றார். ஜூன் 25 தேதியிட்ட கட்சிப் பத்திரிகையை விரித்தார். ஜூன் 24 காலை பத்தரை மணிக்கு சந்தைப்பேட்டை குடிநீர்த் தொட்டியைச் சென்னியப்பன் திறந்து வைக்கும் படம். அதே தேதி, அதே நேரம் அவர் ஊரில் இல்லை என்று இவர் எழுதியிருக்கிறார், பொய் அறிக்கை எழுதுகிறவரின் மூன்றாவது அறிக்கையை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

முன்சீப் அம்மா பத்திரிகையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "அப்ப உங்க கட்சிக்காரர் அன்னைக்கு ஊர்லதான் இருந்தார்ங்கறீங்க" என்றார். வக்கீல் பாதி எழுந்தார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாதியிலேயே நின்றார்.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். காலையில் அவர் வீட்டில் இல்லை, அங்கிருந்தவர்கள் ஊரில் இல்லை என்றார்கள், நானும் நம்பி எழுதினேன். யாரும் குறை சொல்ல முடியாத பதில். உறுதிமொழி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கடைசி பெஞ்சு தெரிந்தது.

"ஜூன் 24 அன்னைக்கு நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்றார் அம்மா.

"போகலைங்கம்மா. அதுக்கு முந்தியும் போகலைங்க. ரெண்டையும் பேக்கரியில உக்காந்து எழுதுனேன்."

"ஏன்?"

"பயந்துட்டேங்க."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மா அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். மூன்றாவதாவது உண்மையா என்று அம்மா கேட்டார். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, சென்னியப்பன் கைப்பட எழுதியது தாளிலேயே இருக்கிறது என்றேன். அம்மா அதை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"உடன் ஆவன செய்யவும். பிரதிவாதியே சொல்லிட்டார். செஞ்சுடலாம்" என்றார்.

அப்போது சிரித்தார்கள், வாட்ச்மேன் உள்பட. அழைப்பாணை முறையாகக் கொடுக்கப்பட்டது என்று பதிவானது. மில் வாசலை மறைக்கும் சுவரையும் தகரத்தையும் மூன்று நாளில் அகற்றி வழிவிட வேண்டும், மற்றதை வழக்கு முடிவில் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. அடுத்த வரியில், என் மேல் துறை விசாரணை. இரண்டையும் அம்மா ஒரே குரலில் சொன்னார்.

வெளியே தெய்வானை என்னைக் கடந்து போனார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். போய்விட்டார். வீட்டில் சுலோச்சனா கேட்டுவிட்டு, தோசைக்கு இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டாள். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்த்து அறிக்கை தர நாசர் என்னையே அனுப்பினார். விசாரணை முடியும் வரை வேலை உண்டு.

ஒன்பதரைக்கே போய்விட்டேன். மில் தெருவில் கொடி, தோரணம், ஒலிபெருக்கி. சுவரையும் தகரத்தையும் காலையிலேயே கட்சிக்காரர்கள் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். படிப்பகத்தின் மிச்சம் அப்படியே இருந்தது. திறந்த வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மேலே பேனர்: "பொதுமக்களின் கோரிக்கையை ஏற்றுப் புதிய வழித்தடம் அமைத்துத் தந்த அண்ணன் சென்னியப்பனுக்கு நன்றி." கோர்ட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இந்தத் தடவை அவர் ஊரில் இருந்தார். காரிலிருந்து இறங்கி எல்லோரையும் கும்பிட்டார், என்னையும் கும்பிட்டார். கத்தரிக்கோல் வைத்த தட்டை தெய்வானை ஏந்த வேண்டும் என்று தனபால் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டைத் தனபாலே ஏந்தினார். ரிப்பன் வெட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள், படம் எடுத்தார்கள், பேக்கரியில் மேய்கிற நாலு பேரும் வந்து கைதட்டினார்கள். உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று அங்கேயே நின்று எழுதினேன். ரிப்பனையும் பேனரையும் சேர்த்தே எழுதினேன், நடந்தது நடந்தபடி.

கூட்டம் கலைந்ததும் ஒரு அம்மாள் டின்னோடு நேராக நடந்து உள்ளே போனார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். நானும் சாட்சிக் கையெழுத்துக்காகப் போனேன். நேராகத்தான் போனேன். தெய்வானை கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என்னிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இந்தக் கட்சிய நான் திட்டாத திட்டு இல்லீங்க. சட்டத்த மதிக்காத கும்பல்னு எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் அதே பேச்சு. அன்னைக்குக் கோர்ட்டுல உங்க வாயாலயே கேட்டதுக்கப்பறம் ஊட்டுல போய் யோசிச்சேன். அந்தத் திட்டுல பாதி உங்களுக்குச் சேர வேண்டியதுங்க. இப்பக் குடுத்துட்டேன்."

பக்கத்தில் டின்னோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கிட்டேங்க" என்றேன்.

அவர் தாளைக் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போடப் போனார்.